ரோமில் பருப்பு வேகாது

2004 ஜூன் மாதம், அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அரும்பாவூர்க்காரர். முழங்கை வரை எண்ணெய் தெறித்த தழும்புகள். பாட்டிலைத் திறந்தால் முதல் வாய்த் தண்ணீரை நாக்கில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் விழுங்குவார். ஐரோப்பாவுக்குச் சொகுசுச் சுற்றுலா போகிறவர்களோடு போகும் சமையல்காரராம்.

"ரோம் எப்படிங்க?" என்றேன்.

"நம்ம அரியலூர் மாதிரியே சுண்ணாம்புத் தண்ணி சார். பருப்பு வேகாது."

"கொலோசியம் அரங்கம் பாத்தீங்களா?"

"ஏழு தடவை வாசல்ல நின்னிருக்கேன். அவங்க உள்ள போற நேரத்துலதான் நான் சாப்பாடு எடுத்து வைக்கணும். ஒரு தடவை நானும் வரேன்னேன். 'நீ பாத்து என்ன பண்ணப் போற, சாம்பார்ல போடவா?'ன்னான் மேனேஜர். எல்லாரும் சிரிச்சாங்க."

உள்ளே என்ன இருக்கிறது என்று மகள் கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. அப்பா ரோமுக்குப் போனதையே அவள் இப்போது நம்புவதில்லையாம்.

மேடைக்கு அடியில் மிருகங்களை அடைத்த அறைகள், அடுக்கடுக்கான இருக்கைகள் என்று நான் சொல்லச் சொல்ல, அவர் வாய்க்குள் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தார். பெரம்பலூரில் இறங்கியதும், "நீங்க எந்த வருஷம் போனீங்க சார்?" என்றார்.

"போனதில்லை. படிச்சதுதான்."

அவர் முகம் சுருங்கியது. "அட போங்க சார். நானாவது வாசல் வரைக்கும் போனேன்." திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

என் புத்தகங்கள் எதிலும் ரோம் தண்ணீரில் பருப்பு வேகாது என்று எழுதியிருக்கவில்லை. அதை மகளிடம் சொல்லுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். தேதி போட்டு நாட்குறிப்பு எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கு அது தோன்றியது.