போர்விமானத்துக்கு டிங்கரிங்

டிங்கரிங் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: வேலை நன்றாக இருந்தால், வேலை செய்ததே யாருக்கும் தெரியாது. பாறசாலையில் நசுங்கிய வண்டிகளைத் தட்டி நிமிர்த்தும் நான் மட்டுமல்ல, கிழிந்த துணியைத் தைப்பவர், ஒழுகும் கூரையை அடைப்பவர் எல்லாருமே இந்தச் சாதிதான். அவர்களுக்குத்தான் என் கஷ்டம் புரியும்.

ஒரு போன்

தனுவச்சபுரம் பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரி. ஓய்வு கொடுத்த போர்விமானம் ஒன்றை வாங்கி வந்து, வாசலில் தூண் கட்டி மேலே நிறுத்தியிருந்தார்கள். புயல் காற்றில் பக்கத்து அயனி மரம் அதன்மேல் சாய்ந்தது. படையில் இருந்தவரை ஒன்றும் ஆகாத விமானம், இங்கே இறக்கை மடங்கி, வால் நசுங்கி, செம்மண்ணில் ஒருக்களித்துக் கிடந்தது.

பறக்க வேண்டாம், பார்க்க லட்சணமாக இருந்தால் போதும் என்று கல்லூரி கிளார்க் என்னைப் போனில் கூப்பிட்டார். எனக்குக் கார்தான் பழக்கம் என்று உண்மையைச் சொன்னேன்.

"அது சாரமில்ல மேஸ்திரி, பரவாயில்ல. காருண்ணே நெனச்சுக்கிடுங்க. கதவு மட்டும் கொஞ்சம் நீளம்."

அவசரம்

அதே காற்றில் ஆட்டோக்காரர் சுகுமாரனின் வண்டிமேல் தென்னை விழுந்திருந்தது. என் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டுப் போனவர், என்னைத் தேடிக் கல்லூரிக்கே வந்துவிட்டார். விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். டயரைக்கூட உதைத்துப் பார்த்தார்.

"எலே மக்கா, இது இனி எங்கயும் போகாது. எனக்கு நாளைக்கு நெய்யாற்றின்கரைக்குச் சவாரி உண்டு. யாருக்குடே அவசரம்?"

வயிற்றுப் பக்கம்

விமானத்தின் அடிவயிற்றில் கீறல், குழி, போதாததற்குப் பழைய தகட்டு ஒட்டு ஒன்று. ஒட்டு வெளியே தெரிந்தால் எங்கள் தொழிலில் மானக்கேடு. எல்லாவற்றுக்கும் சேர்த்துப் புட்டிப் பசை பூசி, தேய்த்து, சாம்பல் பெயிண்ட் அடித்தேன். கன்னம் மாதிரி வழுவழுவென்று ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து காரோடு என்ற ஊரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஞானசிகாமணி சார் விமானப்படையில் விமானத் தகடுகளைச் சரிசெய்யும் பாடி வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புயலுக்கு மறுநாள் வேடிக்கை பார்க்க வந்தபோது, ஒருக்களித்துக் கிடந்த விமானத்தின் வயிற்றில் தானே போட்ட ஒட்டைப் பார்த்துவிட்டாராம். வீட்டில் ஒரு குழாயைக்கூடச் சரியாக்காத மனிதர் விமானத்தைச் சரியாக்கினாரா என்று அவர் மனைவி எஸ்தர் டீச்சருக்குக் கல்யாணமான நாள் முதல் சந்தேகம். அதைத் தீர்க்கத்தான் சார் அவரைக் கூட்டி வந்திருந்தார்.

சார் குனிந்து கையை நீட்டித் தடவினார். வழுவழு. ஒரு சாண் தள்ளித் தடவினார். அங்கேயும் வழுவழு. "இஞ்சதான் உண்டு, இஞ்சதான்" என்றார். எனக்கு விஷயம் புரிந்தபோது வெட்கமாக இருந்தது. டீச்சர் சண்டை போடவில்லை, கேலி செய்யவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"கெடக்கட்டு, வாங்க. வெயிலு ஏறுது."

சுரண்டல்

"பத்து நிமிஷம் நில்லுங்க டீச்சர், தப்பு என்னுது" என்று சொல்லி உப்புத்தாளோடு விமானத்துக்கு அடியில் நுழைந்தேன். எந்த இடம் என்று எனக்கே மறந்திருந்தது; வேலை அவ்வளவு சுத்தம். நான் சுரண்ட, சார் இடம் காட்ட, பத்து நிமிஷம் ஒரு மணிநேரம் ஆயிற்று. டீச்சர் குடையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

கடைசியில் உள்ளங்கை அகலத்தில் அந்த ஒட்டு வெளியே வந்தது. சுற்றிலும் ரிவெட் ஆணி வரிசை. அதில் ஒன்று மட்டும் வரிசையை விட்டு விலகி, கோணலாக. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டீச்சர் குடையை மடக்கி, கண்ணாடியை மாட்டி, குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"எங்க வீட்டுல இவரு அடிச்ச ஒரு ஆணியும் நேரா நிக்காது. இது இவரு வேலதானாக்கும்."

செய்த வேலையை நானே சுரண்டிக் கெடுத்ததற்காக, சார் மாதிரி ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றது, இத்தனை வருடத் தொழிலில் அந்த ஒரு தடவைதான்.