பட்டாணி அரைத்த மெஷின்

சாரேமா தீவுக்கும் கரைக்கும் நடுவே ஓடும் கப்பலில் வண்டிகளை வரிசையாக நிறுத்துவதுதான் வால்தூர் கோல்க்கின் வேலை. இருபத்தாறு வருடமாக அதே வேலை. இரண்டு கார்களுக்கு நடுவே ஒரு சாண் இடம் வீணானாலும் பொறுக்க மாட்டார். "இன்னும் வா, இன்னும் வா" என்று கையை ஆட்டிக்கொண்டே இருப்பார். ஆனால் ஊரில் யாரும் அவரைக் கப்பலை வைத்துப் பேசுவதில்லை. பீரை வைத்துத்தான் பேசுவார்கள்.

அந்த ஊரில் பாதி வீடுகளில் பீர் காய்ச்சுகிறார்கள். வால்தூர் காய்ச்சுவது அவற்றிலெல்லாம் உசத்தி என்று பெயர். அதற்குக் காரணம் தன் மெஷின்தான் என்று அவர் சொல்வார். முளைகட்டி உலர்த்திய பார்லியை, காய்ச்சுகிற அன்று காலையில், தன் கொட்டகையில், தன் மெஷினில் உடைக்க வேண்டும். உமி கிழியக் கூடாது, உள்ளே இருப்பது மட்டும் குறுணையாக வேண்டும். "கடையில உடைச்சு விக்கிறது எத்தன நாளா மூட்டையில கெடந்துச்சோ, யாருக்குத் தெரியும்? வாசனை போனப்புறம் அது என்ன பீரு? கழனித்தண்ணி" என்பார். கேட்பவர்கள் தலையாட்டுவார்கள்.

நான்கு வருடத்துக்கு முன்னால் அவருக்கு இருமல் வந்தது. பார்லி உடைத்த அன்று ஆரம்பித்தால் மூன்று நாள் நிற்காது. மூச்சு விசிலடிக்கும். டாக்டர் அம்மா நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, தானியத் தூசு பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டார். வால்தூர் வீட்டுக்கு வந்து மனைவி ஐமேயிடம் மட்டும் சொன்னார். அடுத்த வாரம் டவுனுக்குப் போய், கடையில் உடைத்த பார்லி இரண்டு மூட்டை வாங்கினார். அதைத் தன் பழைய சாக்குகளில் கொட்டிக் கட்டினார். கடைப் பையை அடுப்பில் போட்டு எரித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். அன்று காலை மெஷின் சத்தம் கேட்காவிட்டால் அக்கம்பக்கத்தில் கேட்பார்களே என்று தோன்றியது. வெறும் மெஷினை ஓட்டிப் பார்த்தார். கடகடவென்று காலியாகச் சத்தம் போட்டது. உள்ளே ஒன்றும் இல்லை என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். சமையலறைக்குப் போய் ஒரு டப்பா காய்ந்த பட்டாணியை எடுத்து வந்து உள்ளே போட்டார். சத்தம் சரியாக இருந்தது. தூசும் இல்லை. உடைந்த பட்டாணி கோழிகளுக்குப் போனது.

"சொல்லித் தொலையேன் வால்தூர். யாரு உன்னத் தூக்குல போடப் போறாங்க?" என்றாள் ஐமே.

"உனக்குப் புரியாது."

அவருக்கே அது சரியாகப் புரிந்திருந்ததா என்று தெரியவில்லை.

அந்த வருடம் நடுக்கோடைத் திருநாளில் அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். பக்கத்துத் தோட்டத்து மில்வி, கணவன் இறந்த பிறகு, கடையில் உடைத்த பார்லியை வாங்கி, அவனுடைய மரத்தொட்டியில் முதல் முறையாகத் தானே பீர் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தாள். பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. கூச்சமும் பெருமையுமாக எல்லாருக்கும் ஊற்றினாள். வால்தூர் ஒரு வாய் குடித்தார். பீர் நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததுதான் அவரை என்னவோ செய்தது.

"பிரமாதம் மில்வி. கடைக்காரனுக்கு என் பாராட்டச் சொல்லிடு. நீ தண்ணி சுட வச்சதுக்கும் ஒரு பங்கு உண்டு."

எல்லாரும் சிரித்தார்கள். மில்வியும் சிரித்தாள். காது மட்டும் சிவந்துவிட்டது.

அதற்கப்புறம் மில்வி கடையில் உடைத்த பார்லி வாங்கவே இல்லை. யாரோ கழித்துப் போட்ட கை மெஷின் ஒன்றைத் தேடிப் பிடித்தாள். மாட்டுத் தீவனத்துக்குச் சோளம் அரைக்கிற மெஷின் அது. அதில் பார்லி உடையாது, மாவாகும். மாவானால், வெந்நீர் ஊற்றிய தொட்டியின் அடியில் வடிகட்ட எவ்வளவு வைக்கோல் பரப்பினாலும் சாறு கீழே இறங்காது. முதல் தொட்டி களியாகிப் பன்றிக்குப் போனது. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கேட்டாள், "வால்தூர், நான் என்னதான் தப்பு பண்றேன்?"

"கை பழகணும் மில்வி. எனக்கே ரெண்டு வருஷம் ஆச்சு" என்றார்.

அவள் நம்பினாள். இரண்டாவது தொட்டியும் மூன்றாவது தொட்டியும் அப்படியே போயின. அவர் மட்டும் சனிக்கிழமை காலைகளில் பட்டாணி அரைத்துக்கொண்டிருந்தார்.

போன ஆகஸ்டில் மில்வியின் மகள் லீஸுக்குக் கல்யாணம். அதற்குப் பத்து நாள் முன்னால், மத்தியானத்தில், மில்வி ஏப்ரனோடு ஓடிவந்தாள். உள்ளங்கை இரண்டிலும் கொப்புளம்.

"தண்ணி இறங்கல. கல்யாண பீரு, வால்தூர். நூறு பேர் வராங்க. இப்ப நான் என்ன பண்ணுவேன்?"

அவர் போய்ப் பார்த்தார். தொட்டி நிறைய சாம்பல் நிறத்தில் கூழ். கிளறும் துடுப்பை விட்டால் நட்டது நட்டபடி நின்றது. அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. வெளியே வந்த வார்த்தை வேறு.

"போன சனிக்கிழமை நான் உடைச்சதுல ரெண்டு மூட்டை மிச்சம் இருக்கு, வாசனை இன்னும் போகல. எடுத்துக்க."

மில்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். மூட்டையைத் தள்ளுவண்டியில் ஏற்றும்போது ஐமே வாசலில் நின்று பார்த்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கல்யாணம் மில்வி வீட்டுத் தோட்டத்தில் நடந்தது. புகைபோட்ட மீன், கறுப்பு ரொட்டி, உருளைக்கிழங்கு, அக்கார்டியன். "கசக்குது, கசக்குது!" என்று ஊர் வழக்கப்படி எல்லாரும் கத்த, அந்தக் கசப்பை இனிப்பாக்க லீஸும் மாப்பிள்ளையும் எழுந்து முத்தம் கொடுத்துக்கொண்டார்கள். பீர் பொன்னிறமாக, தெளிவாக இருந்தது. மில்வி எழுந்து நின்றாள்.

"இந்த பீரு என்னுதுன்னு நெனச்சுக் குடிக்காதீங்க. பார்லிய உடைச்சுக் கொடுத்தது வால்தூர். அன்னிக்கு என்னக் கேலி பண்ணப்போ கோவம் வந்துச்சு. ஆனா அவர் சொன்னதுதான் சரி. சொந்தமா உடைச்சாத்தான் பீரு. அவர் வச்சிருக்கிற அதே மெஷினுக்குச் சொல்லி வச்சிருக்கேன், திங்கக்கிழமை வருது."

எல்லாரும் கை தட்டினார்கள். வால்தூர் தட்டில் இருந்த மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐமே பக்கத்தில் இருந்து மெதுவாக, "நல்லா இருக்கா?" என்றாள்.

அவர் எழுந்து சமையலறைப் பக்கம் போனார். மில்வி தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அந்த மெஷின் வேணாம்னு சொல்லிடு, மில்வி."

"ஏன்? உனக்குப் போட்டியா வந்துடுவேன்னு பயமா?"

"நான் உடைக்கல. நாலு வருஷமா உடைக்கல. கடையில வாங்கறேன்."

அவள் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள்.

"சனிக்கிழமை சனிக்கிழமை சத்தம் கேக்குதே?"

"பட்டாணி."

"என்னது?"

"பட்டாணி போட்டு ஓட்டுவேன்."

மில்வி கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தாள். "எந்தக் கடை?"

"அதே கடைதான். நீ முன்னாடி வாங்குவியே, அதே கடை."

"என்னக் கேலி பண்ணியே, அப்பவே?"

ஆமாம் என்று அவர் தலையை ஆட்டினார்.

"எல்லார் முன்னாடியும்தான கேலி பண்ணின? போய் எல்லார் முன்னாடியும் சொல்லு."

அவர் போனார். மேசையின் முனையில் நின்று, கப்பலில் கத்துகிற குரல் எங்கே போனதோ, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார். "சத்தமா!" என்றார்கள். மறுபடி சொன்னார். டாக்டர் சொன்னது, கடை, சாக்கு, பட்டாணி எல்லாம்.

சிரிப்பில் மேசையே குலுங்கியது. "அதான் உன் கோழிங்க அப்படி கொழுத்துக் கெடக்கா!" என்றார் மாப்பிள்ளையின் மாமா. "பீரு நல்லாருக்குல்ல, ஊத்துப்பா!" என்றது இன்னொரு குரல். முதுகில் தட்டினார்கள். அக்கார்டியன் மறுபடி ஆரம்பித்தது. நான்கு வருடமாக அவர் மறைத்ததை அவர்கள் நான்கு நிமிடத்தில் சிரித்து முடித்துவிட்டார்கள். அவர் எப்படி உடைத்தால் என்ன, எங்கே வாங்கினால் என்ன, அங்கே ஒருவருக்கும் கவலை இல்லை. முன்பும் இருந்திருக்காது.

மில்வி சிரிக்கவில்லை. அவள் மேசைக்கே வரவில்லை.

வால்தூர் திரும்பச் சமையலறைக்குப் போனார். அவள் பாத்திரம் கழுவும் தொட்டியில் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கொப்புளங்கள் இன்னும் ஆறவில்லை. சோப்புத் தண்ணீர் படும்போது விரலை மடக்கிக்கொண்டாள். அவர் துண்டை எடுத்தார்.

"வேணாம். வை."

வைத்தார்.

"நாலு தொட்டி" என்றாள், திரும்பாமலே. "நாலு தொட்டி பன்னிக்குப் போட்டேன், வால்தூர். என் கைதான் ஆகாதுன்னு நெனச்சேன்."

போ என்று அவள் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. அவள் கடைசித் தட்டைக் கழுவி முடிக்கும் வரை அவர் கதவோரமே நின்றார்.