உப்புக்காற்றுக்கு வாரண்டி கிடையாதாம்

மகளுக்கு வீடியோ கேம் பெட்டி வாங்க இன்று ராமநாதபுரம் போனேன். அவள் கேட்டது கார் ரேஸ் மட்டும்தான். புது மாடலுக்கு விலை இரண்டு மடங்கு.

“ஏண்ணே இம்புட்டு விலை?”

கடைக்காரர் விரல்விட்டு எண்ணினார். “புது மாதிரி டிஸ்க்ல படம் பாக்கலாம், நெட்டு பாக்கலாம், வயரே இல்லாம வெளையாடலாம்.”

“அந்த டிஸ்க் இங்கன கெடைக்குமா?”

“மதுரையிலயே இன்னும் வரலண்ணே. ஒங்களுக்கு எந்த ஊரு?”

“வாலிநோக்கம்.”

சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று வாரண்டி அட்டையை எடுத்து நீட்டினார்.

“உப்புக்காத்துல துருப்பிடிச்சா நாங்க பொறுப்பில்லண்ணே.”

எங்கள் கடற்கரை ஊரில் வேறு காற்றே கிடையாது. வாசல் பூட்டையே வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுகிறோம். இத்தனை வசதியை வைத்தவர்களுக்கு இது ஒன்றுதானா தோன்றவில்லை?

பழைய பெட்டி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை, இங்கே வந்தால் எப்படியும் பிடிக்கத்தான் போகிறது.