கிணற்றுக்குள் இருந்த எஞ்சின்

வேலையில் சேர்ந்த முதல் நாளே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "கண்ணால பாக்காத மெஷினுக்கு மதிப்புப் போடாதய்யா. நாட்டுல மூலதனம் எம்புட்டு இருக்குன்னு டெல்லியில கேக்குறாங்க. நீ டீக்கடையில உக்காந்து எழுதுனா நாடே டீக்கடையாப் போயிரும்."

அறுபதுகளின் தொடக்கம் அது. மில், பட்டறை, தோல் பதனிடும் ஷாப்பு, பம்ப்செட் என்று திண்டுக்கல்லைச் சுற்றியுள்ள எந்திரங்களை எல்லாம் நேரில் பார்த்து, வயது, தேய்மானம், ஓடும் நிலை மூன்றையும் பதிவதுதான் என் வேலை.

ஒரு கோடையில் வடமதுரைப் பக்கம் ஒரு தோட்டத்துக்கு உச்சி வெயிலில் போனேன். நீர்மட்டம் இறங்கிப்போனதால் ஆயில் எஞ்சினைக் கிணற்றுக்குள்ளேயே பாதி ஆழத்தில் மேடை கட்டி இறக்கியிருந்தார்கள். அப்போது பலரும் அப்படிச் செய்தார்கள். புகை மேலே ஏறாமல் தங்கினால் ஆளையே கொன்றுவிடும் என்பது பட்ட பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டு மூத்த மகன் சின்னையா முந்தின கோடையில் அங்கேதான் மூச்சடைத்துச் செத்துப்போனார். காப்பாற்றப் போன தம்பி முதல் படியில் கால் வைத்தபோது, "யாரும் எறங்க வேணாம்" என்று சின்னையா உள்ளேயிருந்து கத்தினாராம். அதுதான் அவருடைய கடைசிப் பேச்சு.

இப்போது வெங்காயம் வாடிக்கொண்டிருந்தது. சர்க்கார் ஆள் பார்த்து எஞ்சின் நன்றாக இருக்கிறது என்று சொன்னால் மறுநாளே சின்ன மகனை இறக்கி ஓட்டுவது என்று அவர்களுடைய அப்பா, அந்தப் பெரியவர், முடிவு செய்திருந்தார். அவர் லாந்தர் எடுக்கப் போன நேரத்தில் சின்னையாவின் மனைவி என்னிடம் வந்தார்.

"ஐயா, அது ஓடாதுன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. கொழுந்தனுக்கு இப்பத்தான் கல்யாணம் பேசிருக்கு."

நான் பிடிகொடுக்கவில்லை. பொய் எழுதும் வழக்கம் எனக்குக் கிடையாது.

லாந்தரைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டோம். சுடர் அணையவில்லை, இறங்கினேன். படியெல்லாம் தூசி. என்னுடைய கால்தடத்தைத் தவிர வேறு தடம் இல்லை. நேம்பிளேட்டைத் துடைக்கலாம் என்று எஞ்சினில் கை வைத்தேன். சுட்டது. செத்த நேரம் முன்னால் யாரோ நிறுத்திவிட்டுப் போன மாதிரி இருந்தது. டேங்கைத் திறந்தால் சொட்டு எண்ணெய் இல்லை. பக்கவாட்டில் பாறையைக் குடைந்து கட்டிய அந்த மேடைக்கு உச்சி வெயிலும் எட்டாது. நேம்பிளேட்டைத் துடைக்காமலே திரும்பினேன்.

மேலே வந்து, ஓடாது என்று பெரியவரிடம் சொன்னேன். படிவத்திலும் அப்படியே எழுதினேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, தண்ணீர் இறைக்கக் கமலை பூட்டலாம் என்று மாடு கேட்கப் போய்விட்டார். பயத்தில் சொன்னேனா, அந்த அம்மாளுக்காகச் சொன்னேனா என்று இன்றைக்கும் எனக்கே தெரியாது.

மறு வருஷம் சரிபார்க்க வேறொரு இன்வெஸ்டிகேட்டர் போனார். சென்னையிலிருந்து புதிதாக வந்தவர், அந்தக் கிணற்றின் கதை எதுவும் தெரியாதவர். திரும்பியதும் நேராக என் மேஜைக்கு வந்தார்.

"என்ன சார், ஓடாதுன்னு எழுதிருக்கீங்க? நான் போனப்ப நல்லா ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு."

தம்பியை இறக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஓட்டியது இளவட்டமா என்று கேட்டேன்.

"இல்ல சார், நாப்பது வயசு இருக்கும். நானும் பாக்கலாம்னு படியில கால வச்சேன். கீழ இருந்தே கையக் காட்டி, யாரும் எறங்க வேணாம்னுட்டாரு."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வடமதுரைக்குப் போனேன். தம்பி கமலை ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆகிவிட்டது என்றார். எஞ்சினைப் பற்றிக் கேட்டதற்கு, நான் வந்துபோன நாளிலிருந்து அந்தப் படியில் யாருமே இறங்கியதில்லை என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயிலில் கண் கூசுகிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

படிவத்தைத் திருத்த வேண்டாம் என்று அந்த இன்வெஸ்டிகேட்டரிடம் கேட்டுக்கொண்டேன்; அந்த எஞ்சின் நாட்டின் மூலதனக் கணக்கில் சேரவே இல்லை. எனக்குப் பிறகு இந்த வேலைக்கு வந்தவர்களுக்கு நான் சொன்னது இதுதான். எந்திரம் ஓடுமா என்று கேட்பதற்கு முன்னால், யாரை இறக்கி ஓட்டப்போகிறார்கள் என்று கேளுங்கள். கீழேயிருந்து ஒருத்தர் வேண்டாம் என்றால் இறங்காதீர்கள்.