பாறை தேடிப் போன கார்

மகன் வெளிநாட்டிலிருந்து போட்டோ அனுப்பியிருக்கிறான். செங்குத்துப் பாறை, கீழே கடல், நடுவே வளைந்து போகும் சாலை. நானும் ஒருமுறை கடலோரமாகக் காரில் போனவன்தான். பாறை மட்டும் கிடைக்கவில்லை.

அப்போது நீடாமங்கலத்தில் ஓர் உரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். குளித்தாலும் போகாத யூரியா வாசனை. ஊரில் பாதிப் பேர் வளைகுடாவுக்குப் பறந்துகொண்டிருந்த காலம். அக்காவின் கணவர் மஸ்கட்டிலிருந்து விடுமுறையில் வந்திருந்தார். அத்தான் மனது வைத்தால் எனக்கு விசா. அதனால் அவர் தும்மினாலும் எனக்கு அழகாகத் தெரிந்தது.

"அங்க மலையே கடலுக்குள்ள இறங்கி நிக்கும்டா. இங்கயும் ஒரு ரவுண்டு போய்ப் பாப்போம்" என்று வாடகைக் கார் பிடித்தார். நாகூரில் தொடங்கிக் கோடிக்கரை வரை. பின்சீட்டில் அப்பா; அவர் பக்கத்தில் சட்டைப்பையில் பாஸ்போர்ட்டோடு நான். எங்கள் கடலோரமோ நெல் அடிக்கும் களம் மாதிரி தட்டை. பாதி வழிக்குக் கடலே கண்ணில் படாது. கடைசியில், சாலை போடக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல்மேல் ஏறி, கூலிங் கிளாஸ் மாட்டி நின்றார் அத்தான். போட்டோ எடுத்தது நான். "அசல் மஸ்கட் அத்தான்!" என்று கூசாமல் சொன்னதும் நான்தான்.

அப்பா கடல் பக்கம் திரும்பவேயில்லை. வேதாரண்யத்துக்கு முன்னால் காரை நிறுத்தச் சொல்லி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வயலில் இறங்கிவிட்டார். கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் பயிர் எப்படிப் பச்சையாக நிற்கிறது என்று அவருக்கு ஆச்சரியம். வரப்பில் நின்ற ஒருவரோடு நெடுநேரம் பேச்சு.

"கடலக் காட்டக் கூட்டியாந்தா, மாமா நெல்லப் பாத்துக்கிட்டு நிக்கிறாரு" என்றார் அத்தான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது, நீங்களே சொல்லுங்கள். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அப்பாவுக்குக் கேட்டிருக்கும். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

சேற்றுக் காலோடு வந்து ஏறியவர், "உப்பு ஏறாம இருக்க அந்த ஆளு ஒரு வழி சொன்னாருடா" என்று உற்சாகமாக ஆரம்பித்தார்.

"அப்புறம் சொல்லுங்கப்பா" என்றேன். அத்தான் சிரித்த முகமாக இருந்தார். பாஸ்போர்ட்டை நீட்ட அதைவிட நல்ல நேரம் வாய்க்காது.

விசா வந்தது. மஸ்கட்டில் பாறைகளை அலுக்க அலுக்கப் பார்த்தேன். அப்பா போன பிறகுதான் ஊரோடு வந்து சேர்ந்தேன். அன்றைக்கு அவர் இறங்கிய வயலில் இப்போது இறால் குட்டைகள். திருத்துறைப்பூண்டிப் பக்கம் இருக்கும் எங்கள் வயலிலும் இந்த வருடம் உப்பு பூத்திருக்கிறது. பயிர் நுனி கருகி நிற்கிறது. பார்க்கிறவர்களிடமெல்லாம் என்ன செய்யலாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த ஆள் சொன்ன வழி என்னவென்று எனக்குத் தெரியாது. அப்பா சொல்லத்தான் வந்தார்.