ஊற வைத்த கோடாலி

நெய்வேலி டவுன்ஷிப்பில் குடியிருக்கிறோம். என் கணவர் மைன்ஸில் ஃபிட்டர். ஷிப்டு முடிந்து கரித்தூசியோடு வந்தால் வெந்நீரில்தான் குளிப்பார். அதற்காக குவார்ட்டர்ஸ் பின்பக்கம் முந்திரி விறகு பிளப்பது என் வேலை.

கோடாலித் தலை ஆடுகிறது என்று பலமுறை சொன்னேன். "ராத்திரி வாளித் தண்ணில போட்டு வை, காலையில இறுகிடும்" என்பார். இறுகும். வெயிலில் காம்பு காய்ந்ததும் முன்னைவிட அதிகமாக ஆடும். மைன்ஸில் அப்படியொரு கருவியை அவர் தொடக்கூட மாட்டார். பாதுகாப்பு வாரத்தில் பரிசு வாங்கியவர்.

போன மாதம் ஒரு காலையில் ஓங்கியபோது தலை கழன்று, என் காதோரமாகப் பறந்து, பின்னால் இருந்த துவைக்கிற கல்லில் மோதியது. சற்று முன்புதான் என் மகள் அந்தக் கல்லில் உட்கார்ந்து பல் தேய்த்துவிட்டு உள்ளே போயிருந்தாள்.

அவர் வந்ததும் நடந்ததைச் சொன்னேன். "நீ ஒழுங்கா ஊற வெச்சிருக்க மாட்ட" என்றார். அடுத்து அவர் கேட்டது, "வெந்நீர் போட்டாச்சா?"

மறுநாள் நானே மந்தாரக்குப்பத்துத் தச்சரிடம் கொடுத்து, புதுக் காம்பு போட்டு ஆப்பு அடித்து வாங்கி வந்தேன். இப்போதெல்லாம் ஓங்குவதற்கு முன் தலையை ஆட்டிப் பார்க்கிறேன். துளி அசைந்தாலும் கோடாலியை அவர் நாற்காலியில் வைத்துவிடுகிறேன். அவர் சரிசெய்யும்வரை அவருக்குப் பச்சைத் தண்ணீர்தான்.