பம்பில் பிழையில்லை

என் மேசை லாச்சிக்குள் ஒரு பழைய பிஸ்கட் தகரம் இருக்கிறது. அதற்குள், துணியில் சுற்றி, உள்ளங்கை அளவான கறுப்பு வட்டம் ஒன்றை வைத்திருக்கிறேன். றப்பர் பூசிய துணி, நடுவில் சிறிய தகடு, ஓரத்தைச் சுற்றி ஆணித் துளைகள். பழைய ஜீப் ஒன்றின் பெற்றோல் பம்புக்குள் இருந்த டயபிரம் அது. எஞ்சின் ஓடும்போது மேலும் கீழும் விம்மி, தாங்கியிலிருந்து பெற்றோலை உறிஞ்சி மேலே தள்ளுவது இதன் வேலை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் தகட்டின் ஓரத்தில் நகக்கீறல் அளவில் ஒரு வெடிப்புத் தெரியும். கையில் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்குக் கோபம் வருகிறது. வயது போனால் கோபம் தணியும் என்கிறார்கள். அப்படிச் சொல்கிறவர்களுக்கு என்னைப் போல வெட்கப்பட ஒன்றும் இருந்திருக்காது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்முனையில், பெரிய வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எனக்குச் சொந்தமாகக் கராஜ் இருந்தது. வயது இருபத்தேழு. ஊரில் எல்லோருக்கும் நான் ‘பாஸ்’. எஞ்சின் சத்தத்தை வைத்தே நோயைச் சொல்லிவிடுவான் என்று பெயர் எடுத்திருந்தேன். அந்தப் பெயர் தலைக்கும் ஏறியிருந்தது. சாய்ந்தமருதில் அரிசி ஆலை வைத்திருந்த முதலாளி ஒருவரின் ஜீப் மாதம் ஒரு தடவையாவது என்னிடம் வரும். நான்கு சில்லுக்கும் இழுவை உள்ள பழைய பெற்றோல் வண்டி. சம்மாந்துறைக்கு அப்பால் அவருடைய வயல்கள் கிடந்த வட்டைக்குள் மாரியில் வேறு எந்த வாகனமும் போகாது. அதை ஓட்டியவரை நாங்கள் றைவர் காக்கா என்போம். என்னைவிடப் பதினைந்து இருபது வயது மூத்தவர். வாய் கொஞ்சம் துடுக்கு, முதலாளிக்கு முன்னாலும் குரலைத் தாழ்த்தத் தெரியாது. பிற்பாடு அவருக்கு வினையாக வந்ததில் அந்தக் குரலுக்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

அந்த வருடம் சிறுபோகம் விதைத்த காலத்தில் ஜீப் வழியில் நிற்கத் தொடங்கியது. காலையில் நல்லபடி போகும். உச்சி வெயிலில் வட்டையிலிருந்து திரும்பும்போது இருமி இருமி நின்றுவிடும். அரை மணித்தியாலம் ஆறவிட்டால் மறுபடி எடுபடும். அத்தோடு, ஒரு கிழமைக்குப் போதுமாயிருந்த பெற்றோல் நாலு நாளில் முடிந்தது. பழைய வண்டி, கடும் வெயில், குழாய்க்குள் பெற்றோல் ஆவியாகிறது என்று நான் பார்க்காமலே சொன்னேன். பம்பின்மேல் ஈரச் சாக்கைச் சுற்றச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான். றைவர் காக்கா சாக்கைச் சுற்றினார், வழியில் நின்றால் உதவும் என்று ஒரு கானில் பெற்றோலும் கொண்டு திரிந்தார். ஆனால் பம்பில்தான் கோளாறு என்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

“எஞ்சினோட கதைக்கிற நேரத்துல என்னோடயும் கொஞ்சம் கதை பாஸ்” என்றார் ஒருநாள். “மூணு மாசமா ஒரு சொட்டு ஒயில் ஊத்தல்ல. கம்பிய இழுத்துப் பாத்தா ஒயில் கூடிக்கிட்டு இரிக்கி. கிழட்டு எஞ்சின் ஒயில் குடிக்காம இரிக்குமா?”

“குடிச்சா முறைப்பாடு, குடிக்காட்டியும் முறைப்பாடா காக்கா?” என்றேன். கராஜில் நின்றவர்கள் சிரித்தார்கள். தன் ஜீப் ஒயிலே குடிக்காது என்று முதலாளி தேநீர்க் கடையில் பெருமையடித்துக்கொண்டிருந்த காலம் அது. ஒயில் மட்டம் பார்க்கும் அந்தக் கம்பியை நான் இழுத்து ஒரு தடவை மூக்கில் வைத்திருந்தால் போதும். இழுக்கவில்லை. சிரித்தவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெற்றோல் களவு போகிறதோ என்ற சந்தேகத்தோடு ஒருநாள் காலையில் முதலாளியே ஜீப்பில் வந்து இறங்கினார். றைவர் காக்காவையும் கூட்டி வந்திருந்தார். ஆலையில் வேலை செய்பவர்கள் இரண்டு பேர், தெருவில் போனவர்கள் சிலர், எல்லோரும் வாசலில் கூடிவிட்டார்கள். “பம்பப் பாரு பாஸ்” என்றார் முதலாளி. நான் கார்பரேட்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அதன் நுனியைச் சோடாப் போத்தலுக்குள் விட்டேன். றைவர் காக்கா முன்னால் குனிந்து ஹாண்டிலைச் சுற்றினார். ஒவ்வொரு சுற்றுக்கும் பெற்றோல் சீறிக்கொண்டு போத்தலுக்குள் விழுந்தது. பம்ப் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட என்ன வேண்டும் என்று நினைத்தேன். சாய்ந்தமருதிலிருந்து வந்த காலைநேரச் சிறு ஓட்டத்தில் எஞ்சின் சரியாகச் சூடேறியிருக்கவில்லை. சூட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்குத் தோன்றவில்லை. பம்பின் அடியில் ஒரு சிறிய ஓட்டை உண்டு. டயபிரம் வெடித்தால் பெற்றோல் அந்த வழியால் வெளியே சொட்டும். பார்க்கிறவனுக்குத் தெரியட்டும் என்றே வைத்த ஓட்டை. வயல் சேறு அப்பிக் காய்ந்து அது இறுகிக் கிடந்தது. ஒரு கம்பியால் குத்தியிருக்கலாம். அதையும் செய்யவில்லை.

முதலாளி கேட்டார், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி: “சரி பாஸ், பம்புல பிழையா, மனிசன்ல பிழையா?”

“பம்புல பிழையில்ல முதலாளி” என்றேன்.

மனிதனில் பிழை என்று நான் சொல்லவில்லையே என்று பிறகு எத்தனையோ தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். வெட்கங்கெட்ட கதை. அந்தக் கேள்விக்கு இரண்டே விடைகள்தான் இருந்தன. ஒன்றை நான் இல்லையென்றேன், மற்றது தானாக நின்றது. றைவர் காக்கா ஹாண்டிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு நடந்து போனார். அவர் சட்டையில் பெற்றோல் மணப்பதாக அன்றே ஒருவன் சொன்னான். கானோடு கண்டேன் என்று இன்னொருவன் சொன்னான். வண்டி நின்ற இடத்திலெல்லாம் குழாயை வாயால் உறிஞ்சி எடுத்த மனிதனில் வேறு என்ன மணக்கும்? கான் எதற்கென்று எனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் ஊர்களில் களவு என்று ஒருவன்மேல் சொல் விழுந்தால் அதைத் தீர்க்க ஒரு வழி உண்டு. பள்ளிவாசலுக்கு வந்து, அதை நிர்வகிக்கும் மரைக்காயர்மார் முன்னிலையில், எடுக்கவில்லை என்று சத்தியம் பண்ண வேண்டும். பண்ணினால் பேச்சு முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் றைவர் காக்காவைக் கூப்பிட்டார்கள். நானும் நின்றேன். சத்தியம் பண்ணச் சொன்னதும் அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வழக்கமான அந்த உரத்த குரலில் சொன்னார்:

“ரெண்டு போத்தல் பெற்றோலுக்கு அல்லாஹ்ட பேர இழுக்க மாட்டன். நான் எடுக்கல்ல. நம்புறவன் நம்பட்டும்.”

அவ்வளவுதான். எடுத்திருக்கிறான், அதுதான் சத்தியத்துக்குப் பயப்படுகிறான் என்று ஊர் தீர்ப்புச் சொல்லிவிட்டது. வாய்க்கு வந்தபடி எதற்கும் சத்தியம் பண்ணுகிற கூட்டம், அல்லாஹ்வின் பெயரை மதித்த ஒரே மனிதனைக் கள்ளனாக்கியது. அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பல்லைக் கடிக்க வருகிறது. அன்று பின்னேரமே ஜீப்பின் சாவியை அவரிடமிருந்து வாங்கிவிட்டார்கள்.

இரண்டு மாதம் போயிருக்கும். முதலாளியின் மருமகன் ஓட்டிப்போன ஜீப்பை உழவு இயந்திரத்தில் கட்டி இழுத்து வந்தார்கள். எஞ்சினுக்குள் தட்டுகிற சத்தம். ஒயிலை இறக்கிப் பார்ப்போம் என்று அடியில் தட்டை வைத்து ஆணியைக் கழற்றினேன். தட்டு நிரம்பியது. இன்னொரு தட்டை வைத்தேன், அதுவும் நிரம்பித் தரையில் ஓடியது. ஒயில் தேயிலைத் தண்ணீர் மாதிரி இருந்தது. மணந்து பார்க்கத் தேவையில்லை, கராஜ் முழுக்கப் பெற்றோல் வாடை. வாங்கில் உட்கார்ந்துவிட்டேன். காணாமல் போன பெற்றோல் எல்லாம் எஞ்சினின் வயிற்றுக்குள் இறங்கி ஒயிலோடு கலந்து கிடந்திருக்கிறது. கம்பியில் ஒயில் கூடுகிறது என்று அந்த மனிதன் வந்து சொன்னபோது நான் பகிடி விட்டேன்.

பம்பை எஞ்சினோடு பிடித்திருந்த இரண்டு ஆணிகளையும் கழற்றி எடுத்து, மேல்பாதியும் கீழ்ப்பாதியும் மாறாமல் சேர அரத்தால் ஒரு கோடு போட்டுவிட்டுத் திறந்தேன். டயபிரத்தை வாசலில் பிடித்தேன். வெடிப்பின் வழியாக வெயில் தெரிந்தது. எஞ்சின் சூடேறினால் அது விரிந்து பெற்றோலைக் கீழே விடும், ஆறினால் மூடிக்கொள்ளும். சோடாப் போத்தல் ஏன் நிரம்பியது என்பது அப்போதுதான் விளங்கியது. கொழும்பு பஸ் கொண்டக்டரிடம் சொல்லிப் புது பம்ப் ஒன்று வரவழைத்தேன். தடித்த மட்டையில் வாஷர் வெட்டி, கிறீஸ் பூசி, பம்பின் நெம்புகோல் உள்ளே சரியாகப் போய் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துப் பூட்டினேன். தேய்ந்த பேரிங்குகளையும் மாற்றினேன். வண்டி ஓடியது. உச்சி வெயிலில் வட்டைக்குப் போய்த் திரும்பியது. பெற்றோல் ஒரு கிழமைக்கு நின்றது.

முதலாளியிடம் டயபிரத்தைக் காட்டினேன். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். எனக்கு விளங்கிய மாதிரியே அவருக்கும் விளங்கியது, முகத்தில் கண்டேன். “இனி அதக் கதைச்சி என்ன பாஸ்? ஊர் மறந்திட்டு” என்றார். பிறகு தாழ்ந்த குரலில், “பம்பு நல்லம் எண்டு சொன்னது நீதானே. ஒன்ட பேரும் கெட்டுப் போகும்.” அந்த மனிதன்மேல் எனக்குள்ள கோபம் அவர் மண்ணுக்குள் போன பிறகும் போகவில்லை. ஆனால் அவர் என்னை மிரட்டவில்லை, கையைப் பிடிக்கவில்லை. என் பெயரைச் சொன்னார், நான் அடங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் கடற்கரைக்குப் போனேன். ஊரில் ஒருவரும் றைவர் காக்காவிடம் வண்டி கொடுக்காததால் அவர் கரைவலை இழுக்கப் போயிருந்தார். தோளில் கயிறு உரசிய தழும்பு சிவந்து கிடந்தது. டயபிரத்தைக் கையில் கொடுத்தேன். வெயிலில் ஒரு தடவை பிடித்தார், வெடிப்பைக் கண்டார், திருப்பித் தந்தார்.

“இத என்னத்துக்குத் தம்பி எனக்கிட்டக் கொண்டாந்த? நான் எடுக்கல்ல எண்டு எனக்குத் தெரியும். தெரியாத ஆக்களுக்குக் காட்டு.”

சொல்லிவிட்டுக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டார். நான் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கராஜுக்கு வந்தேன். அடுத்த ஜும்ஆவுக்குப் பிறகு காட்டுவேன் என்று நினைத்தேன். அடுத்த ஜும்ஆவும் போனது, நோன்பு வந்தது, பெருநாள் வந்தது. என் கராஜுக்கு வண்டிகள் கூடிக்கொண்டே வந்தன. வட்டம் பிஸ்கட் தகரத்துக்குள் போனது.

ஏழு வருடத்துக்குப் பிறகு அவர் மவுத்தானார். நெஞ்சுவலி என்றார்கள். அவர் ஜனாஸாவைப் பள்ளியில் வைத்ததும், தொழுகைக்கு முன்னர் மகன் எழுந்து நின்றான். அட்டாளைச்சேனையில் ஆசிரியர் பயிற்சியில் இருந்த மகன். வழக்கப்படி, வாப்பாவால் யாருக்கும் ஏதும் பாக்கியோ மனவருத்தமோ இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அல்லாஹ்வுக்காகப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அழுதழுது சொன்னான். முன் வரிசையிலிருந்து முதலாளி கையை உயர்த்தினார்.

“அந்தப் பெற்றோல் கதைய நான் அல்லாஹ்வுக்காக ஹலாலாக்கிட்டன். அவர்ல எனக்கு ஒண்டும் இல்ல.”

பள்ளி முழுக்க “அல்ஹம்துலில்லாஹ்” என்றது. பெரிய மனசு என்று என் பக்கத்தில் நின்றவர் முணுமுணுத்தார். களவு போகாத பெற்றோலுக்கு, களவெடுக்காத மனிதனை, கபன் துணிக்குள் வைத்து மன்னிக்கிறார்! வாயைத் திறந்தேன், அல்லாஹ் சாட்சி, திறந்தேன். மௌலவி தக்பீர் கட்டிவிட்டார். நானும் கையைக் கட்டினேன். அந்தத் தொழுகையில் நான் என்ன ஓதினேன் என்று எனக்குத் தெரியாது.

அடக்கிவிட்டு வந்த வழியில் மகன் என் கையைப் பிடித்தான். “முதலாளி நல்ல மனிசன் மாமா” என்றான். “வாப்பாட பாரத்த இறக்கி வச்சிட்டாரு. மறுமையில என்ன செய்வாரோ எண்டு பயந்துக்கிட்டே இருந்தன்.”

அப்போதுதான் விளங்கியது. அந்தப் பிடிவாதக்காரர் தன் வீட்டிலும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெற்ற பிள்ளைக்குச் சாட்சி காட்டி, நான் கள்ளனில்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போலும். ஏழு வருடமாக அந்தப் பிள்ளை தன் தகப்பனைக் கள்ளன் என்றே நம்பி, அவருக்காகத் துஆக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். தெரியாத ஆள் அவர் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான்.

அவனைக் கராஜுக்குக் கூட்டிப் போனேன். தகரத்தைத் திறந்து வட்டத்தை அவன் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: போத்தல், சேறு அடைத்த ஓட்டை, இரண்டு தட்டு நிறைந்த ஒயில், என் வாயிலிருந்து வந்த அந்தச் சொல். வாசலுக்குப் போய் வெயிலில் பிடித்துப் பார்த்தான், அவன் வாப்பா பிடித்துப் பார்த்த அதே மாதிரி. அழுவான் என்று நினைத்தேன். திட்டுவான் என்றும் நினைத்தேன்.

“இது எப்பயிலருந்து ஒங்கட கையில இரிக்கி மாமா?” என்றான்.

நான் சொன்னேன். அவன் அதை வாங்கின்மேல் வைத்துவிட்டு, ஸலாம்கூடச் சொல்லாமல் இறங்கிப் போனான். பிறகு ஒருநாளும் அந்த ஒழுங்கையால் அவன் வரவில்லை.

கராஜை விற்றுப் பல வருடமாகிவிட்டது. பிஸ்கட் தகரம் மட்டும் வீட்டுக்கு வந்தது. இன்று காலையும் எடுத்து ஜன்னலில் பிடித்துப் பார்த்தேன். றப்பர் காய்ந்து, வெடிப்பு இப்போது இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கிறது. அந்தப் பிள்ளை கேட்டதற்கு அன்று ஏழு வருடம் என்று சொன்னேன். இன்று கேட்டால் நாற்பது என்று சொல்ல வேண்டும்.